நாளை வா என்று எழுதிய கதவுகள்



சில வாரங்களுக்கு முன் எங்கள் சபையின் வாலிபர் கூட்டத்தில் ஒரு தம்பி எழுந்து, "பாஸ்டர், பேய் உண்டா?" என்று கேட்டான். மற்றவர்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. ஊரை விட்டு பெங்களூருக்கு வந்து மூன்று மாதங்களே ஆகியிருந்தன. இரவு வேலை முடித்து விடியற்காலம் மூன்று மணிக்கு அறைக்குத் திரும்புகிறவன். அந்த அறையில் முன்பு ஒருவன் தூக்கிட்டுக்கொண்டான் என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். அன்றுமுதல் விளக்கை அணைக்காமல் படுக்கிறான்.

பிசாசு உண்டு என்றும், அவனுடைய கிரியைகளை அழிக்கவே தேவகுமாரன் வெளிப்பட்டார் என்றும், மரித்தவர்களின் ஆவிகள் அறைகளில் அலைந்து திரிவதாக வேதம் போதிக்கவில்லை என்றும் அவனுக்கு வசன ஆதாரங்களோடு விளக்கினேன். அவனும் தலையசைத்தான். ஆனால் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஏறக்குறைய முப்பது ஆண்டுகளாக எந்தப் பிரசங்க பீடத்திலும் நான் சொல்லாத ஒரு இரவு என் நினைவுக்கு வந்தது. அதை எழுதும்படி ஆவியானவர் ஏவினபடியால் இதை எழுதுகிறேன்.

ஆச்சியின் சட்டங்கள்

அடியேன் திருநெல்வேலிச் சீமையின் தென்பகுதியைச் சேர்ந்தவன். எங்கள் குடும்பம் பல தலைமுறைகளாகக் கிறிஸ்தவக் குடும்பம். என்னை வளர்த்த ஆச்சி ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போகிறவர்கள். வீட்டில் இராஜெபம் நடக்காமல் பாய் விரிக்கப்படாது. ஆனால் அந்த ஜெபம் முடிந்தபின் ஆச்சியிடம் வேறு சில சட்டங்களும் இருந்தன.

உச்சிப்பொழுதில் புளியமரத்தடியில் நிற்கக் கூடாது. இருட்டியபின் சுமைதாங்கிக் கல்லைத் தாண்டிப் போகக் கூடாது. இக்காலத்துப் பிள்ளைகள் சுமைதாங்கியைப் பார்த்திருக்கமாட்டார்கள். இரண்டு கற்களை நட்டு அவற்றின்மேல் ஒரு கல்லைக் கிடத்தியிருப்பார்கள். தலைச்சுமையோடு வழிப்போகிறவர்கள் ஒருவர் உதவியுமின்றி அதன்மேல் சுமையை இறக்கி இளைப்பாறுவார்கள். கர்ப்பத்திலேயே இறந்துபோன பெண்ணின் நினைவாக, இறக்கமுடியாமற்போன அவள் சுமைக்கு ஈடாக, அந்தக் கல்லை நாட்டுவது நம் நாட்டு வழக்கம். எத்தனை இரக்கமுள்ள ஒரு வழக்கம்! ஆனால் பகலில் பாரம் சுமக்கிறவனுக்கு இளைப்பாறுதல் கொடுத்த அதே கல், இரவில் எங்களுக்குப் பேய்க்கல்லாயிற்று.

எல்லாவற்றிலும் பெரிய சட்டம் ஒன்று உண்டு. இரவில் யாராவது வெளியே நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டால் முதல் கூப்பாட்டுக்குப் பதில் சொல்லக் கூடாது. "மனுசன் மூணு தரம் கூப்பிடுவான். பேய் ஒரு தரந்தான் கூப்பிடும். ஏன்னு கேட்டியோ, போச்சு" என்பார்கள் ஆச்சி.

இதற்குப் பின்னால் பழைய கதைகள் இருக்கின்றன. தொண்டை நாட்டுப் பழையனூர் நீலியின் கதையைப் பலர் அறிவீர்கள். கொல்லப்பட்ட ஒரு பெண் பேயாகி, தன்னைக் கொன்றவன் மறுபிறவியில் வணிகனாய் வரும்போது அவன் மனைவியின் வடிவெடுத்து, கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அவனைப் பின்தொடர்கிறாள். ஊர்ப் பெரியவர்களாகிய எழுபது வேளாளரும் அவள் சொல்லை நம்பி, வணிகனின் உயிருக்குத் தாங்கள் பிணை என்று வாக்குக் கொடுக்கிறார்கள். அவன் மாண்டதும் வாக்குத் தவறாமல் எழுபதுபேரும் தீயில் இறங்கி உயிர் விடுகிறார்கள். தென்மாவட்டங்களில் இசக்கியைக் குறித்துச் சொல்லப்படும் கதையும் இதற்கு நெருங்கிய உறவுடையது.

இப்படிப்பட்ட கதைகளில் பேயாக வருகிறவள் பெரும்பாலும் அநியாயமாய் வஞ்சிக்கப்பட்டவள், கொல்லப்பட்டவள், பிரசவத்தில் மாண்டவள். உயிரோடிருக்கையில் அவளுக்கு நியாயம் செய்யாத ஊர், செத்தபின் அவளுக்குப் பயப்படுகிறது. இன்னொன்றையும் அந்தக் கதைகள் நமக்குள் விதைத்துவிட்டன. பழகிய குரலில் உதவி கேட்டு வருகிறவளை நம்பாதே என்பதே அது.

நம் மக்களின் அச்சங்களை அறியாமல் அவர்களுக்கு ஊழியம் செய்ய முடியாது என்பதை, 1706ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் வந்திறங்கிய மிஷனெரி சீகன்பால்க் அறிந்திருந்தார். தமிழர் வணங்கிய தெய்வங்களையும் அஞ்சிய பேய்களையும் குறித்து அவர் 1713ஆம் ஆண்டு ஒரு பெரிய நூலையே எழுதினார். அது அச்சேறுவதற்கு 1867ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியதாயிற்று. வேதாகமக் கல்லூரியில் இதைப் படித்தபோது, இவையெல்லாம் பிறருடைய அச்சங்கள் என்று எண்ணினேன். என் ஆச்சியின் சட்டங்கள் எனக்குள் உயிரோடிருந்ததை நான் உணரவில்லை.

நாளே பா

வேதாகமக் கல்லூரிப் படிப்பை முடித்து, 1990களின் நடுப்பகுதியில், திருமணத்துக்கு முன்னே, பெங்களூரில் ஒரு தமிழ்க் குடியிருப்பில் ஊழியத்துக்கு வந்தேன். தகரக் கூரையிட்ட ஜெபவீடு. அதன் பின்புறம் எனக்கு ஒரு அறை. சுற்றிலும் தர்மபுரி, வேலூர், திருவண்ணாமலைப் பக்கங்களிலிருந்து வந்து கட்டட வேலையும் வீட்டு வேலையும் செய்து பிழைத்த ஏழைக் குடும்பங்கள்.

அந்நாட்களில் நகரமெங்கும் ஒரு வதந்தி பரவியிருந்தது. இரவில் ஒரு பெண் பேய் தெருத்தெருவாய் வருகிறதாம். வீட்டிலுள்ளவர்களுக்கு அறிமுகமான குரலில், தாயின் குரலிலோ சகோதரியின் குரலிலோ, கூப்பிட்டுக் கதவைத் தட்டுகிறதாம். திறந்தவன் மறுநாளைக்குள் மாண்டுபோவானாம். தப்புவதற்கு ஒரே வழி, கதவில் "நாளே பா" என்று கன்னடத்தில் எழுதிவைப்பது. "நாளை வா" என்பது அதன் பொருள். பேய் அதை வாசித்துத் திரும்பிப் போய்விடும். மறுநாள் வந்து மறுபடியும் அதையே வாசித்துத் திரும்பும். இந்த வதந்தி பின்னாட்களில் இந்தியாவெங்கும் பேசப்பட்டது. 2018ஆம் ஆண்டு வெளிவந்த "ஸ்த்ரீ" என்ற இந்தித் திரைப்படத்துக்கு இதுவே மூலம் என்று சொல்வார்கள்.

எங்கள் குடியிருப்பிலும் கதவுக்குக் கதவு அந்த எழுத்துகள் தோன்றின. கன்னடம் வாசிக்கத் தெரியாத நம் மக்கள் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளைக் கொண்டு சுண்ணாம்பாலும் கரித்துண்டாலும் எழுதுவித்தார்கள். பேய்க்கு எந்த மொழி தெரியுமோ என்று ஐயுற்ற ஒரு மேஸ்திரி, கன்னடத்தில் ஒன்றும் தமிழில் ஒன்றுமாக இரண்டு எழுதிவைத்தார். இன்று நினைத்தால் நகைப்பு வருகிறது. ஆனால் அன்று அந்த மக்களின் பயத்துக்கு வேறொரு காரணமும் உண்டு. 1991ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் காவிரிப் பிரச்சினையின் பெயரால் இந்நகரில் தமிழருக்கு விரோதமாய் எழும்பிய கலவரத்தை அவர்கள் கண்டிருந்தார்கள். இரவில் கதவு தட்டப்பட்டால் என்ன நேரும் என்பது அவர்களுக்குக் கதை அல்ல, அனுபவம். பிழைக்க வந்த ஊரில் கதவின்மேல் ஒருவன் எதை எழுதினாலும் அதில் பாதி இந்த நினைவுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் ஆவேசமாய்ப் பிரசங்கித்தேன். "விசுவாசியின் கதவில் இந்த எழுத்து இருக்கலாகாது! நமக்குள் இருப்பவர் பெரியவர்!" என்று முழங்கினேன். சபையார் அல்லேலூயா என்றார்கள். ஆராதனை முடிந்ததும் நான்கைந்து குடும்பத்தார் போய்த் தங்கள் கதவைக் கழுவினார்கள். என் உள்ளம் மேட்டிமைகொண்டது.

அந்த இரவு

அதே வாரத்தில் ஒரு நாள். மின்சாரம் இல்லை. நேரம் நள்ளிரவைத் தாண்டியிருக்கும். என் அறைக் கதவு தட்டப்பட்டது.

"ஐயா!" என்று ஒரு பெண்குரல்.

அந்தக் குரல் எனக்குத் தெரிந்த குரல். சபைக்கு ஒழுங்காய் வரும் ஒரு சகோதரியின் குரல். அவருடைய கணவர் வெளியூரில் சாலை வேலைக்குப் போயிருந்தார் என்பதும் எனக்குத் தெரியும். நான் எழுந்து உட்கார்ந்தேன். வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. அந்த நொடியில் என் நினைவுக்கு வந்தது கிரேக்கமும் அல்ல, வேதவசனமும் அல்ல. ஆச்சியின் சட்டமே நினைவுக்கு வந்தது. மனுசன் மூணு தரம் கூப்பிடுவான்.

"ஐயா, கதவைத் திறங்க ஐயா!" என்று இரண்டாம் தரம் கேட்டது.

மூன்றாவது கூப்பாட்டுக்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை. ஓடுகிற காலடிச் சத்தம் மாத்திரம் கேட்டது. பின்பு அடுத்த வீட்டுக் கதவு தட்டப்பட்டது. அதற்கடுத்த கதவும் தட்டப்பட்டது. ஒன்றும் திறக்கவில்லை. நான் தலையணைக்கடியில் இருந்த வேதாகமத்தை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு, "இயேசுவின் இரத்தம் ஜெயம்" என்று விடியுமட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். பேயை ஜெயித்துவிட்டதாகவும் எண்ணினேன்.

காலையில் செய்தி தெரிந்தது. அந்தச் சகோதரியின் இரண்டு வயது மகனுக்கு இரவில் கடுமையான காய்ச்சல் கண்டு, கைகால் வெட்டி இழுத்து, கண் செருகிவிட்டது. தனியாயிருந்த தாய் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு முதலாவது தன் போதகனின் கதவைத் தட்டியிருக்கிறாள். பின்பு ஆறு கதவுகளைத் தட்டியிருக்கிறாள். தெருக்கோடியில் ஆட்டோ ஓட்டும் ஒரு இஸ்லாமியப் பெரியவர் குடியிருந்தார். அவர் வீட்டுக் கதவிலும் "நாளே பா" என்று எழுதியிருந்தது. ஆனால் அவர் திறந்தார். பிள்ளையைக் கண்டதும் ஒரு வார்த்தையும் கேளாமல் ஆட்டோவை எடுத்தாராம்.

தேவனுடைய சுத்த கிருபையால் பிள்ளை பிழைத்தான். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுவரையுள்ள சில குழந்தைகளுக்குக் காய்ச்சல் ஏறும்போது இப்படி வலிப்பு வருவதுண்டு என்றும், பெரும்பாலும் அதனால் நிலையான கெடுதி நேராது என்றும், ஆனால் நீடித்து நின்றால் தாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டுவர வேண்டும் என்றும் மருத்துவர் சொல்லியனுப்பியிருந்தார்.

அன்று மாலை அந்தச் சகோதரியின் வீட்டுக்குப் போனேன். "சகோதரி, உங்கள் சத்தம் எனக்குக் கேட்டது" என்றேன். வேறு சொல்ல நாவு எழவில்லை. அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: "ஐயா, அந்த இருட்டுல எனக்குப் பேய் நினைப்பே வரல. ஒரு கதவும் தொறக்கலயே, அதுதான் பயமா இருந்துச்சு. மத்தவங்க கதவுல எழுதியிருந்துச்சு, சரி. உங்க கதவுல எழுதலையே ஐயா?"

அன்பானவர்களே, என் கதவில் எழுத்து இல்லை. என் இருதயத்தில் இருந்தது. ஜெபவீட்டுக் கதவைச் சுத்தமாய் வைத்திருந்த நான், அந்த எழுத்தை ஆச்சியின் கைப்பட உள்ளே எழுதிவைத்திருந்தேன்.

ரோதை திறவாத கதவு

அதன்பின் அப்போஸ்தலர் நடபடிகள் 12ஆம் அதிகாரம் எனக்குப் புதிதாய்த் திறந்தது. பேதுரு சிறைச்சாலையில் இருக்கிறான். யோவான் மாற்குவின் தாயாகிய மரியாளின் வீட்டில் அநேகர் கூடி அவனுக்காக ஜெபம்பண்ணுகிறார்கள். தூதனால் விடுவிக்கப்பட்ட பேதுரு இரவில் வந்து கதவைத் தட்டுகிறான். ரோதை என்னும் பெண் அவன் சத்தத்தை அறிந்தும், சந்தோஷத்தினால் கதவைத் திறவாமல் உள்ளே ஓடுகிறாள். உள்ளிருந்த ஜெபவீரர்களோ அவள் பிதற்றுகிறாள் என்கிறார்கள். அவள் உறுதியாய்ச் சொன்னபோது, அது அவனுடைய தூதனாயிருக்கும் என்கிறார்கள். ஒவ்வொரு மனிதனுக்கும் அவன் சாயலில் ஒரு தூதன் உண்டு என்ற எண்ணம் அக்காலத்தாரிடம் இருந்தது என்று கல்லூரியில் கற்றிருந்தோம்.

பேதுருவுக்காகவே ஜெபித்தார்கள். பேதுருவே வந்து தட்டினான். ஆயினும் பேதுரு வந்திருக்கிறான் என்பதைவிட ஆவியுருவம் வந்திருக்கிறது என்பதையே அவர்கள் எளிதாய் நம்பினார்கள். பரிசுத்த ஆவியின் அபிஷேகம் பெற்ற ஆதிச் சபைக்கே இது நேர்ந்ததானால், நாம் எம்மாத்திரம்?

கடலின்மேல் நடந்துவந்த ஆண்டவரைப் பார்த்துச் சீஷர்கள் ஆவேசம் என்று அலறினார்கள் (மத்தேயு 14:26). உயிர்த்தெழுந்தபின் அவர் நடுவில் நின்றபோதும் ஒரு ஆவியைக் காண்பதாகவே நினைத்தார்கள் (லூக்கா 24:37). ஆண்டவர் அவர்களைப் பரிகசிக்கவில்லை. தம் கைகளையும் கால்களையும் காண்பித்து, தொட்டுப் பார்க்கச் சொல்லி, அவர்கள் முன்பாக மீனைப் புசித்துக் காட்டினார். பயந்தவனுக்கு நம் ஆண்டவர் கொடுத்த மருந்து அதுவே. கிட்ட வா, தொட்டுப் பார் என்கிறார். பயமோ, திறவாதே, பாராதே என்கிறது.

பயமும் கொல்லும்

பிசாசின் வல்லமையை நான் குறைத்துப் பேசவில்லை. அசுத்த ஆவிகளினின்று விடுதலை பெற்றவர்களை என் கண்களால் கண்டிருக்கிறேன். ஆனால் பேய் செய்ததாகச் சொல்லப்படும் கேட்டைக் காட்டிலும், பேய்ப் பயம் செய்த கேட்டை நம் தேசம் அதிகமாய்க் கண்டிருக்கிறது.

2001ஆம் ஆண்டு மே மாதம் டெல்லியில் குரங்கு மனிதன் வருகிறான் என்ற வதந்தி பரவிற்று. வெயிலுக்கும் மின்வெட்டுக்கும் தப்ப மொட்டைமாடியில் படுத்திருந்தவர்களில் சிலர், "வந்துவிட்டான்" என்ற கூக்குரலைக் கேட்டு இருட்டில் ஓடி, கீழே விழுந்து மாண்டார்கள். 2017ஆம் ஆண்டு வடமாநிலங்களில் பெண்களின் கூந்தலை ஏதோ ஒன்று அறுக்கிறது என்ற பீதி எழும்பியபோது, ஆக்ராவுக்கு அருகே ஒரு மூதாட்டியைச் சூனியக்காரி என்று எண்ணி அடித்துக் கொன்றார்கள். 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் தேதி நம் தமிழ்நாட்டு ஏர்வாடியில், மனநோயாளிகளைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்த கொட்டகையில் தீப்பிடித்து, தப்பியோட வழியின்றி 28 பேர் மடிந்தார்கள். மனநலம் குன்றியவரை எவ்விதத்திலும் சங்கிலியால் கட்டலாகாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் இப்போது தடைசெய்திருக்கிறது.

இவற்றைப் பிறர் கதையாக வாசித்துக் கடந்துபோகாதிருப்போமாக. வலிப்பு கண்ட பிள்ளையையும், பிரசவத்துக்குப்பின் புத்தி தடுமாறிய தாயையும் வாரக்கணக்காய் ஜெபவீட்டிலேயே வைத்துக்கொண்டு, மருத்துவரிடம் போவதை அவிசுவாசம் என்று போதிக்கிறவர்கள் நம் நடுவிலும் உண்டு. மத்தேயு 4:24ஐக் கவனித்து வாசியுங்கள். ஆண்டவரிடத்தில் கொண்டுவரப்பட்டவர்களின் வரிசையில் பிசாசு பிடித்தவர்கள் வேறாகவும், சந்திரரோகிகள் வேறாகவும், திமிர்வாதக்காரர் வேறாகவும் சொல்லப்பட்டிருக்கிறார்கள். வேதமே பிரித்துச் சொன்னதை நாம் ஒன்றாய்க் கட்டலாமா? கைவைத்து ஜெபியுங்கள். ஜெபித்த கையோடு ஆட்டோவையும் கூப்பிடுங்கள். இரண்டும் விசுவாசமே.

இன்னொன்றும் சொல்லவேண்டும். தாயத்தை அறுத்து எறிந்த நாம், அபிஷேக எண்ணெய்ச் சீசாவைத் தாயத்தாக்கிவிடவில்லையா? நிலைக்காலில் ஒட்டிய வசன அட்டையை, உள்ளே வாசிப்பதற்கல்ல, வெளியே உள்ளதை விரட்டுவதற்கென்று ஒட்டவில்லையா? தலையணைக்கடியில் வைத்த வேதாகமம் அன்று என்னைக் கதவுவரைக்கும் நடத்தவில்லை. அது தலைக்கடியில் இருந்தது, இருதயத்தில் இல்லை.

நாளைக்கு என்றவர்கள்

"நாளை வா" என்பது பேயிடம் சொல்லப்பட்ட வார்த்தை. ஆனால் வேதத்தில் அதைத் தேவனிடமே சொன்னவர்கள் இருக்கிறார்கள். எகிப்தெங்கும் தவளைகள் நிறைந்திருந்தபோது, அவை நீங்கும்படி எப்பொழுது விண்ணப்பம்பண்ணவேண்டும் என்று மோசே கேட்டான். "இப்பொழுதே" என்று பார்வோன் சொல்லியிருக்கலாம். அவனோ நாளைக்கு என்றான் (யாத்திராகமம் 8:10). தவளைகளோடு இன்னும் ஒரு இரவு! பவுலின் பிரசங்கத்தைக் கேட்டுப் பயமடைந்த பேலிக்ஸ், சமயம் வாய்க்கும்போது அழைப்பதாகச் சொல்லி அவனை அனுப்பிவிட்டான் (அப்போஸ்தலர் 24:25).

வெளிப்படுத்தின விசேஷம் 3:20இல் வாசற்படியில் நின்று தட்டுகிறவர் நம் ஆண்டவர். பழகிய சத்தத்தோடு வருகிறவர் அவர். அவர் எந்த வேஷத்தில் வருவார் என்பதையும் மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் சொல்லிவைத்திருக்கிறார். பசியுள்ளவனாய், அந்நியனாய், வியாதிக்காரனாய் வருவார். அன்று இரவு என் கதவைத் தட்டினது யார் என்பதை நான் இப்போது அறிவேன். அவர் இரண்டு தரம் கூப்பிட்டுவிட்டு, தெருக்கோடிக்குப் போய், வேறொருவருக்கு அந்தப் பாக்கியத்தைக் கொடுத்தார்.

அந்தச் சகோதரி சில மாதங்கள் சபைக்கு வரவில்லை. நான் வற்புறுத்தவில்லை. பின்பு ஒரு ஞாயிறு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். அன்று என்னால் பிரசங்கம்பண்ண முடியவில்லை, ஜெபித்து முடித்தேன். அந்தப் பிள்ளை இன்று ஓசூரில் வேலைசெய்கிறான், அவனுக்கே ஒரு மகள் இருக்கிறாள். ஆட்டோக்காரப் பெரியவர் மரிக்குமட்டும், கிறிஸ்துமஸ்தோறும் அவர் வீட்டுக்கு முதல் பலகாரத் தட்டு எங்கள் சபையிலிருந்தே போயிற்று. ஜெபவீட்டின் கதவில் அன்றுமுதல் உள்தாழ்ப்பாள் போடுவதில்லை என்றும் தீர்மானித்தோம்.

கேள்வி கேட்ட தம்பியை மறுவாரம் கண்டேன். "பேய் உண்டா என்று கேட்டாயே தம்பி. இரவில் உன் கதவை யாராவது தட்டினால் என்ன செய்வாய் என்று நான் உன்னைக் கேட்கிறேன்" என்று சொல்லி, இதையெல்லாம் அவனுக்குச் சொன்னேன். வெகுநேரம் மௌனமாயிருந்து, "விளக்கு எரிஞ்சுகிட்டே இருக்கட்டும் பாஸ்டர். தட்டுறவங்களுக்கு வழி தெரியும்" என்றான். கற்றுக்கொடுக்கப் போனவன் கற்றுக்கொண்டு திரும்பினேன்.

பிரியமானவர்களே, நகரங்களில் அந்நியராய்க் குடியிருக்கிற நமக்கு ஒருவருடைய கதவே மற்றொருவருக்கு அடைக்கலம். உங்கள் இருதயக் கதவில் பயம் எழுதிவைத்திருப்பதை இன்றே அழித்துப்போடுங்கள்.

ஜெபம்: எங்கள் பரம தகப்பனே, பூரண அன்பினால் எங்கள் பயத்தைப் புறம்பே தள்ளும். இரவில் தட்டுகிறவனுடைய சத்தத்தில் உம்முடைய சத்தத்தை அறிந்துகொள்ளும் செவியை எங்களுக்குத் தாரும். எழுந்துபோய்த் திறக்கிற கால்களையும் தாரும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம் பிதாவே, ஆமென்.